தலைவலி இல்லை என்று சொல்லிவிட்ட நங்கை

வெள்ளிக்கிழமை காலை முருகனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது வெள்ளகோவிலிலிருந்து போன் வந்தது. "அம்மா காபி குடிச்சுப்போட்டு அப்படியே சாஞ்சுட்டாங்க, அத்தை" என்றாள் கவிதா. கவிதாவின் அம்மா, என் வீட்டுக்காரரின் அக்கா ருக்மணி அம்மாள் இறைவனடி சேர்ந்துவிட்டார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். எனக்கு அவர் கடைசிவரை நங்கைதான்.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே நங்கைக்குத் 'தலைவலி'. அதற்கு மாதம் ஒருமுறை திருச்சிக்குப் பஸ் ஏறுவார். கோயமுத்தூரில் இல்லாத தலைவலி டாக்டரா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சில வருடங்களுக்கு முன், சிங்காநல்லூரில் லேத் பட்டறை நடத்திவந்த என் வீட்டுக்காரர் திடீரென்று பட்டறைக்குப் போவதை நிறுத்தினார். குளிக்கவில்லை, பேசவில்லை, சுவரையே பார்த்துப் படுத்திருந்தார். பழனிக்கு வேண்டிக்கொண்டேன், மனநல டாக்டரிடமும் கூட்டிப்போனேன். முருகன் இரண்டுக்கும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்திருக்குதுங்களா?" என்றார் டாக்டர்.

"எங்க வகையறாவுல சர்க்கரைகூடக் கிடையாதுங்க" என்றேன் பெருமையாக.

அவர் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்து, தூக்கம், சாப்பாடு எல்லாம் நோட்டில் எழுதிவந்தேன். இரண்டு மாதமாகியும் நோட்டில் ஒரே வரிதான்: எழவில்லை. டாக்டர் நோட்டைப் படித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, நான் பொண்ணு பார்க்க வரலைங்க. நிசத்தைச் சொல்லுங்க. இந்த நோய் வர்ற வாகு ரத்தத்தோட வரலாம். கூடப் பொறந்தவங்களுக்குக் கேட்ட மருந்து இவருக்கும் கேட்க வாய்ப்பு உண்டு. உறுதி சொல்ல முடியாது. ஆனா எங்கே தொடங்கறதுன்னாவது தெரியும்."

அப்போதுதான் திருச்சி ஞாபகம் வந்தது. நங்கைக்குப் போன் செய்தேன். பெருந்துறையில் கவிதாவுக்குச் சம்பந்தம் பேசி முடியும் நேரம். விஷயம் வெளியே தெரிந்தால் பேச்சு முறிந்துவிடும். திருச்சிக்குப் போவது எதற்கென்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"காத்தால வாரேன், அம்மணி" என்றார்.

பழைய மருந்துச் சீட்டுகளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கவிதா பிறந்த பிறகு ஒரு வருடம் தானும் இப்படித்தான் சுவரைப் பார்த்துக் கிடந்ததாக டாக்டரிடம் சொன்னார். "வெளிய தலைவலின்னு சொல்லிச் சொல்லி, இப்ப நிசமாவே தலைவலியும் வருதுங்க."

பரம்பரை பற்றி டாக்டர் விளக்கியதும் நங்கை என் பக்கம் திரும்பினார். "பார்த்தியா கண்ணு, எங்கப்பன் தோட்டம் பூராத்தையும் தம்பிக்கே எழுதிப்போட்டாரு. இதுல மட்டும் பொம்பளப் புள்ளைக்கும் சமபங்கு." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாதக்கணக்கில் பேசாதிருந்த என் வீட்டுக்காரரின் வாயோரமும் லேசாக அசைந்தது.

நங்கைக்குக் கேட்ட மாத்திரைக்கே டாக்டர் மாற்றினார். வீடு வந்ததும் நான் கேட்டேன்: "பெருந்துறைக்காரங்களுக்குத் தெரிஞ்சா என்னங்க பண்றது?"

"யாரோ சொல்லித் தெரியறதுக்கு நானே சொல்லிப்போடறேன். வேண்டாம்னா போகட்டும். எந்தம்பி எந்திரிச்சு உக்காரோணும், அவ்வளவுதான்."

மறுநாள் அவரே பெருந்துறைக்குப் போய்ச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மெதுவாகக் கேட்டாராம்: "அந்த டாக்டர் எங்கீங்க இருக்கறாரு? எங்க கொழுந்தனாருக்கும் ரொம்ப நாளாத் தலைவலி."

கல்யாணம் தை மாதம் நடந்தது. அதற்குள் என் நோட்டில் 'பட்டறைக்குப் போனார்' என்று எழுதியிருந்தேன். தாய்மாமன் சீரை அவரே சுமந்துபோனார்.

இந்த வெள்ளிக்கிழமை, அக்காவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போர்த்தும் கோடிச் சேலை எடுக்கக் கடைக்கு நான் போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. தானே போய்ப் பத்துப் பன்னிரண்டு சேலைகளை விரிக்கச் சொல்லி, கடைக்காரர் எடுத்துக்காட்டிய மங்கல் நிறங்களையெல்லாம் தள்ளிவிட்டு, பளிச்சென்ற கிளிப்பச்சையில் ஒன்று எடுத்தார். "எங்கக்கா இதைத்தான் கட்டுவாங்க" என்றார். வெள்ளகோவிலில் அதை அவரே போர்த்தி, தலைமாட்டில் சுருக்கத்தை நீவிவிட்டு, நிமிர்ந்து நின்றார்.

பார்த்துக்கொள்ளுங்க நங்கை, உங்கள் தம்பி எழுந்து நிற்கிறார். நிம்மதியாகப் போய்ச் சேருங்க.