வாசலில் நின்ற அம்மாக்கொல்லி

"திரு. ரெஜினால்ட் பெல்லிங், வயது 68. வேலி வெட்டும் டிராக்டர் ஓட்டுநர். தாவர அறிவு: இல்லை. கூட்டத்துக்கு வரவில்லை." ஊர் மன்றத்தின் மே மாதக் கூட்டக் குறிப்பேடு ரெஜ்ஜை இப்படி விவரிக்கிறது. வயதும் டிராக்டரும் சரி.

அந்த டிராக்டரை அவர் நேராக ஓட்டி யாரும் பார்த்ததில்லை. வேலியை வெட்டிக்கொண்டே போகிறவர் திடீரென்று இறங்கிக் குனிந்து, ஒரு செடியிடம் "நீயா? போன வருஷம் அந்தப் பக்கமில்ல இருந்தே?" என்பார். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு போவார். புத்தகப் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. குட்டி வெள்ளைப் பூ ஒன்று அவருக்குச் சட்டைப் பொத்தான், இன்னொன்று நரிநாத்தம்.

ரிட்லி பண்ணையின் இரண்டு வயல்களுக்கு நடுவே எட்டு கஜ அகலத்தில் மரங்கள் வரிசையாக ஓடுகின்றன. இங்கிலாந்தின் சஸெக்ஸ்காரர்களுக்கு அது ‘ஷா’. மன்றத்தின் வரைபடத்தில் ‘வளர்ந்துவிட்ட வேலி’. வேலி என்றால் பிடுங்கிவிட்டு இரண்டு வயலையும் ஒன்றாக்கலாம். காடு என்றால் கைவைக்க முடியாது. பிடுங்க அனுமதி கேட்டுப் பண்ணைக்காரர் வேலி என்றே மன்றத்துக்கு விண்ணப்பித்தார். பிடுங்கும் வேலையை ரெஜ்ஜுக்கே தருவதாகவும் சொல்லியிருந்தார். ஆட்சேபம் எழுதிப்போட்ட ஒரே ஆளும் ரெஜ்தான்.

"அங்க என்னென்ன முளைக்குதுன்னு கொண்டாந்து காட்டு, ரெஜ்," என்றார் மன்ற எழுத்தர் ஹிலரி. "ஒண்ணு விடாம."

செவ்வாய்க்கிழமை மாலை, ஒரு வாளியில் பதினான்கு செடிகளோடு வந்தவர் கூட்டம் நடக்கும் மண்டப வாசலிலேயே நின்றுவிட்டார். பதினான்கில் ஒன்று, வெள்ளைக் குடைபோல் பூக்கிற அம்மாக்கொல்லி. அதைக் கூரைக்கு அடியில் கொண்டுவந்தால் கொண்டுவந்தவரின் தாய் செத்துவிடுவாள். ஊரில் யாரும் இதை நம்புவதில்லை, யாரும் மீறுவதுமில்லை. ரெஜ்ஜின் தாயாருக்கு வயது தொண்ணூற்று மூன்று. காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்: "என்னைக் கொல்லணும்னா டீயில எதையாச்சும் கலந்து குடுத்துடுறா. அந்தப் பூவோட எந்த வாசப்படியும் தாண்டாத."

"அந்த ஒண்ணை மட்டும் வெளிய போட்டுட்டு வாயேன்," என்றார் ஹிலரி.

"ஒண்ணு விடாமன்னு நீதானே சொன்னே?"

"உங்கம்மாவுக்குத் தொண்ணூத்திமூணு, ரெஜ்!"

"அதான் பயம். இன்னிக்குப் போனா, ஊரே என்னைத்தான் சொல்லும்."

மழை பிடித்துக்கொண்டது. ஹிலரி கதவைச் சாத்தினார், கூட்டம் தொடங்கியது. மாவட்டத்திலிருந்து வந்திருந்த தாவரவியல் அம்மையார் மட்டும் சன்னலைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து, இவற்றில் ஒன்பது பழங்காட்டை விட்டு லேசில் நகராத செடிகள், ஆகவே அந்த மரவரிசை பழங்காட்டின் மிச்சம்தான் என்றார். வாக்கெடுப்பு, நான்குக்கு மூன்று. வரைபடத்தில் ‘வேலி’யை அடித்துவிட்டுக் ‘காடு’ என்று எழுதினார்கள்.

வாசற்படி தாண்டாத ஆளை வந்தவராகக் கணக்கில் சேர்க்க விதியில் இடமில்லை என்கிறார் ஹிலரி.

ஒன்றேகால் மணி நேரம் ரெஜ் மழையில் சன்னலுக்கு வெளியே நின்று, பதினான்கு செடிகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்து, அதனதன் பெயரை உரக்கச் சொன்னார்.