இருபத்தொன்றாம் எண்

பிள்ளைப்பாக்கத்து மரகதத்துக்கு இடது காது மடல் எப்போதும் தடித்திருக்கும். பம்பு செட் கம்பெனியின் டெலிபோன் போர்டில் பன்னிரண்டு வருஷம் ஹெட்போன் மாட்டிய தழும்பு. விடிவதற்குள் எழுந்து, பக்கவாதத்தில் படுத்த புருஷனைப் புரட்டி, முதுகு துடைத்து, பவுடர் தட்டி, கஞ்சி ஊட்டிவிட்டு பஸ் ஏறுவாள். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

எண்பத்தேழில் புது போர்டு வந்தது. மாட்ட வந்த இன்ஜினியர் பாண்டுரங்கன் அவளை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு எண் பதியச் சொன்னார். மரகதத்துக்கு 21. கூட வேலை செய்த ரத்னாவுக்கு 22.

"சீட்டுல உக்காந்ததும் உங்க நம்பரை அழுத்தணும்மா. யார் எத்தனை கால் எடுத்தாங்கன்னு மாசக் கடைசியில அதுவே அடிச்சுக் குடுத்துடும்."

மரகதம் தலையாட்டினாள். பூட்டைத் திறக்கிற மாதிரி, காலையில் ஒரு தடவை அழுத்தினால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் ரத்னா பேசுவாள், மரகதம் புகார் நோட்டில் எழுதுவாள். சாப்பாட்டுக்குப் பிறகு இடம் மாறுவார்கள். மாறும்போது பேச்சு அறக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஒருத்தி கழற்றிய ஹெட்போனை இன்னொருத்தி மாட்டிக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்று விட்ட இடத்தில் பிடிப்பாள். எதிர்முனையில் இருப்பவருக்கு ஆள் மாறியதே தெரியாது. போர்டுக்கும் தெரியவில்லை. காலையில் ரத்னா அழுத்திய 22 சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது.

மாசக் கடைசியில் மேனேஜர் தணிகாசலம் காகிதத்தோடு வந்தார்.

"இனிமே போர்டுக்கு ஒரு ஆள் போதும்னு மேலே சொல்லிட்டாங்க. ரத்னா தொள்ளாயிரம் கால். உன் பேர்ல நாப்பது. மாசம் பூரா இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தே? நாளையிலேருந்து நின்னுக்க."

நாற்பதும் ரத்னா லீவு போட்ட ஒருநாள் கணக்கு. மரகதம் ரத்னாவைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போட மரகதத்துக்குத் தெம்பில்லை. புகார் நோட்டை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

"மத்தியானம் எழுதினதெல்லாம் யார் கையெழுத்து சார்?"

"ரத்னாவுது."

"அவ எழுதிக்கினு இருந்தா, பேசினது யாரு?"

தணிகாசலம் பத்துப் பக்கம் புரட்டினார். பிடரியைச் சொறிந்தார். கடைசியில், சர்வீஸ் அதிகம் என்பதால் மரகதம் இருக்கட்டும், ரத்னா பேக்கிங்குக்குப் போகட்டும் என்றார்.

"அங்க நாள் பூரா நிக்கணும். இவ மூணு மாசம் முழுகாம கீறா சார். ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்க" என்றாள் மரகதம்.

அவர் போனதும் ரத்னா கண்ணைத் துடைத்தாள். "நோட்டைக் காட்டாம விட்டிருக்கலாம்க்கா."

"நீ வாயைத் திறந்திருந்தா நான் ஏண்டி காட்டப் போறேன்?"

மறுநாள் மரகதம் தனியாக உட்கார்ந்து 21ஐ அழுத்தினாள். பேசுவதும் அவள், எழுதுவதும் அவள். நடுவில் எழுந்துபோனால் ஹெட்போனை வாங்கிக்கொள்ளத் தலை இல்லை. அன்றிலிருந்து வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.