பெட்ரோலில் ஊற்றும் மருந்து

மழைக்காலம் முடிந்ததும் என் பைக் காலையில் சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. செல்ஃப் எடுக்காது. உதைத்து உதைத்துக் கிளப்பினாலும் முதல் சிக்னலிலேயே நின்றுவிடும். பெட்ரோலில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் தண்ணீராகத் தங்கிவிடும், அதற்கென்று மருந்து விற்கிறது, வாங்கி ஊற்று என்று ஆபீசில் சொன்னார்கள்.

கடையில் பார்த்தால் குழப்பமாக இருந்தது. ஒரு பாட்டில் கார்பரேட்டரைக் கழுவுமாம், இன்னொன்று துருப் பிடிக்காமல் காக்குமாம், வேறொன்று மைலேஜ் கூட்டுமாம். எது என் வண்டிக்கு ஆகும் என்று தெரியாமல் அக்கா வீட்டுக்காரரிடம் போனேன். மாமாவுக்கு முதலியார்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. வண்டிக்கு என்ன கோளாறு என்றுகூடக் கேட்காமல், உள்ளேயிருந்து நீலமாக ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். எல்லா வண்டிக்கும் இதுதான் என்றார்.

தீரத் தீர வாங்கி, பெட்ரோல் போடும்போதெல்லாம் ஊற்றினேன். கோளாறு தீரவில்லை, புகைதான் கூடியது. அதில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. மாமாவிடம் சொன்னேன். உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் வெளியே வருகிறது, இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊற்று என்றார். ஊற்றினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரம் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டில் சாப்பாடு. வஞ்சிர மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனால் வாஷ்பேசினில் தண்ணீர் வரவில்லை. பாத்ரூம் கதவைத் திறந்தேன்.

அதே வாடை முகத்தில் அடித்தது. தரையில் ஒரு பெரிய கேன். பக்கத்தில் கிரீஸும் மண்ணும் ஒட்டிய காலி பாட்டில்கள், காயலான் கடையில் எடைக்கு வாங்கியவை. ஒரு கிண்ணத்தில் நீலச் சாயம். குளிக்கிற மக்கில் பாதிக்கு அந்த நீலத் தண்ணீர் இருந்தது, அதில் நீளமாக ஒரு தலைமுடி மிதந்தது. சோப்பு நுரை காய்ந்த தரையில் புனலைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இவ்வளவு நாளும் இதைத்தான் என் டேங்கில் ஊற்றியிருக்கிறேன். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அக்கா ஓடி வந்தாள். முதுகைத் தடவிவிட்டு, குழம்பு ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டாள். நான் கேனைக் காட்டினேன்.

"உனக்குத் தெரியுமா இது?"

"மூடி போடறதே நான்தான்," என்றாள். கீரை ஆய்வதைப் பற்றிச் சொல்லும் குரல்.

அதற்குள் மாமாவும் வந்துவிட்டார். மண்ணெண்ணெயால் எந்த வண்டியும் செத்துப் போகவில்லை என்றும், ஊரில் எல்லாரும் செய்வதுதான் என்றும் பல் குத்திக்கொண்டே சொன்னார்.

"எனக்கே குடுத்தீங்களே மாமா."

"கடையில வேற சரக்கு இல்லியே மச்சான்," என்றார்.

அவர் என்னை ஏமாற்றியதைவிட, அதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றுமே இல்லாததுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை, மிச்சமிருந்த பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். பெரிய மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப் போகிற ஒருவர், வாசலில் மீன் பெட்டி கட்டிய வண்டியை நிறுத்திவிட்டு, கையில் அதே நீல பாட்டிலோடு நின்றார்.

"அண்ணே, அத ஊத்தாதீங்க. வெறும் மண்ணெண்ணெய்," என்றேன்.

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா போனைப் பார்த்தார். மீன்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார், பாட்டிலை மேசைமேல் வைத்தார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இனிமேல் கடைப் பக்கம் வராதே என்று மாமா என்னிடம் சொன்னார்.

மெக்கானிக்கிடம் கொடுத்து டேங்கைக் காலி செய்தேன். அடியில் சளி மாதிரிக் கெட்டியாக ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது. என்னால் பார்க்க முடியவில்லை, வெளியே போய் நின்றேன். கார்பரேட்டரைக் கழுவிப் போட்டதும் பைக் ஒழுங்காக ஓடியது. இப்போது கூட்டம் அதிகமுள்ள பங்க்கில் பெட்ரோல் போடுகிறேன், வண்டியை நாள் கணக்கில் நிறுத்தி வைப்பதில்லை. வேறு எதையும் ஊற்றுவதில்லை.

தீபாவளிக்கு மாமா இல்லாமல் அக்கா மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதிரசமும் முறுக்கும் டப்பா நிறையக் கொண்டு வந்திருந்தாள். என் பிள்ளைகள் அள்ளி அள்ளித் தின்றார்கள். ஒரு தட்டில் எடுத்து வைத்து என் பக்கம் நகர்த்தினாள். எனக்குக் கை போகவில்லை. வயிறு சரியில்லை என்றேன். அவள் தட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய் மூடி வைத்தாள்.