ஜெயகிருஷ்ணன் போட்ட மதிப்பெண்கள்

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, லாரிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே ஸ்டோர்ஸை ஒட்டிய சின்ன ஏ.சி. அறையில் கம்பெனியின் மெயில் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. அதை வாங்கிப் பொருத்தியவரும், பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டவரும் ஜெயகிருஷ்ணன். கம்ப்யூட்டர் பிரிவு என்று அந்தக் கம்பெனியில் தனியாக எதுவும் கிடையாது. அவர்தான் பிரிவு.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. மனைவி ஸ்ரீவித்யா. பிள்ளைகள் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஸ்ரீவித்யாவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. ஜெயகிருஷ்ணனுக்குச் சர்க்கரை இருப்பதால் அவருடையதை எடுத்துப் பொருத்த முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்தச் செலவு முழுவதும் கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸில் போய்க்கொண்டிருந்தது. ஜெயகிருஷ்ணன் வேலையில் இருக்கும் வரை ஸ்ரீவித்யாவின் பெயர் பாலிசியில் இருக்கும். அவர் பெயர் நீங்கினால் அவள் பெயரும் நீங்கும். ஓய்வு பெற அவருக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

மார்ச் மாதத்தில் முதலாளி ராகவேந்திரா அவரைக் கூப்பிட்டார். புனேயில் ஒரு வாடிக்கையாளர் கம்பெனிக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

"அங்க நாலு பேர் நாலு ஊர்ல உக்காந்து ஒரே ஷீட்ல எழுதறாங்க சார். நாம இன்னும் அட்டாச்மென்ட் அனுப்பி, அதுல எது கடைசி காப்பின்னு தேடிட்டு இருக்கோம். நம்ம சர்வரையே புதுசாக்கறதா, காசில்லாம கிடைக்குதே ஓப்பன் சோர்ஸ், அதுக்குப் போறதா, இல்ல மாச வாடகைக்கு வெளிக் கம்பெனி சர்வர்ல ஓடுற கிளவுடா? மூணையும் ஒப்பிட்டு மார்க் போட்டுக் குடுங்க. வெளியாள் யாரும் வேணாம். உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

ஜெயகிருஷ்ணன் முதலில் அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஓப்பன் சோர்ஸ் சர்வரை ஏற்றிப் பார்த்தார். மெயில், காலண்டர், முகவரிகள் எல்லாம் சரியாக வந்தன. செல்போனில் மட்டும் மீட்டிங் நேரங்கள் அவ்வப்போது தவறின. கிளவுட்டில் சிலருக்கு வெள்ளோட்டக் கணக்கு திறந்து கொடுத்தார். கொள்முதல் பிரிவு ஆட்கள் மூன்றாம் நாளே அதிலிருந்து திரும்பி வர மாட்டோம் என்றார்கள். வீட்டிலிருந்து பார்க்க முடிந்தது. ஒரே ஷீட்டில் இரண்டு பேர் எழுத முடிந்தது. ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்களை நாம் போட வேண்டியதில்லை, அவர்களே போட்டுவிடுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்ட வேண்டும், அது ஒன்றுதான் குறை.

மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்தார். கிளவுட் முதலில் வந்தது. சொந்த சர்வர் கடைசியில் நின்றது.

கிளவுட் வந்துவிட்டால், ஆள் சேரும்போது பெயர் சேர்ப்பதும் விலகும்போது எடுப்பதும்தான் வேலை. கணக்குப் பிரிவில் ஒரு பெண் டீ குடிக்கப் போகும் முன் அதைச் செய்துவிடுவாள். ராகவேந்திரா கெட்டவர் இல்லை. ஆனால் கேன்டீனைக் காண்டிராக்ட்டுக்கு விட்டபோது, அதைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசருக்குச் சால்வை போட்டு, போட்டோ எடுத்து, அதே மாதத்தில் அனுப்பி வைத்ததை ஜெயகிருஷ்ணன் பார்த்திருந்தார்.

முதலில் அவர் மதிப்பெண்களைத் திருத்தவில்லை. எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை என்பதை மட்டும் மாற்றினார். இணையம் அறுந்தாலும் தொழிற்சாலைக்குள் மெயில் ஓட வேண்டும் என்ற அம்சத்துக்கு எடையைக் கூட்டினார். ஜி.எஸ்.டி. ரோட்டைத் தோண்டும்போதெல்லாம் கேபிள் அறுவது உண்மைதான். கூட்டிப் பார்த்தார். போதவில்லை. செல்போனுக்கு எடையைக் குறைத்தார். அப்போதும் ஓப்பன் சோர்ஸ் சர்வர் ஒரு படி மேலே நின்றது. அதையும் வர விடக் கூடாது. அதற்கு அனுபவப்பட்ட வேறு ஆள் வேண்டும் என்று வெளியாளைக் கொண்டுவந்துவிடுவார்கள். ஆகவே, கடைசியில் மதிப்பெண்ணிலேயே கை வைத்து, 'ஒரே ஆளை நம்பியிருக்கும் அபாயம் குறைவு' என்ற வரிசையில் அதற்கு நான்கும் தன் சர்வருக்கு எட்டும் போட்டார். பாதுகாப்புத் திருத்தங்கள் என்ற வரிசையிலும் தன்னுடையதற்கு எட்டு போட்டு, 'ஆண்டுதோறும் தவறாமல் செய்யப்படுகிறது' என்று பக்கத்தில் எழுதினார். அது பொய்யில்லை. அந்த வருஷம் வரை அப்படித்தான் நடந்திருந்தது.

நிதி மேலாளர் கிறிஸ்டினா பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் எதுவும் முதலாளியிடம் போகும். அவள் பென்சிலை வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டு வந்தாள்.

"கேபிள் அறுந்தாங்கறதுக்கு இவ்ளோ வெயிட்டேஜா? நமக்குத்தான் போன வருஷமே ரெண்டாவது லைன் வந்துடுச்சே?"

"ரெண்டும் ஒரே பக்கமாத்தான் மேடம் வருது. தோண்டினா ரெண்டும் போகும்."

பென்சில் இன்னும் கீழே இறங்கி நின்றது.

"ஒரே ஆளை நம்பியிருக்கறது. இதுக்கு நாலு, அதுக்கு எட்டு." அவள் நிமிர்ந்தாள். "ரெண்டையும் பார்த்துக்கப் போறது நீங்க ஒருத்தர்தானே சார்?"

ஜெயகிருஷ்ணன் தாளின் மடிந்த மூலையை நீவிவிட்டார். கிறிஸ்டினா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"வீட்ல மேடம் எப்படி இருக்காங்க?"

"போயிட்டிருக்கு."

அவள் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். ஏப்ரலில் சொந்த சர்வருக்குப் புது டிஸ்க்குகள் வாங்க அனுமதி வந்தது. கிளவுட் பேச்சு நின்றது.

அந்தச் சர்வருக்குத் திருத்தம் போட வேண்டுமானால் மெயிலைச் சில மணி நேரம் நிறுத்த வேண்டும். மெயில் நிற்பதை ராகவேந்திரா எந்த நாளிலும் ஒப்புக்கொள்ள மாட்டார், ஆயுத பூஜையைத் தவிர. அன்று மெஷின்கள் எல்லாம் நிற்கும். எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். சர்வருக்கும் ஒரு பொட்டு, ஒரு முழம் கதம்பம். பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு மதியத்தோடு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஜெயகிருஷ்ணன் மட்டும் தங்கி, ஒரு வருஷத்துத் திருத்தங்களையும் ஒரே மூச்சில் போட்டு முடிப்பார். எலக்ட்ரீஷியன் துரை துணைக்கு இருப்பான்.

"சாமி கும்ட்ட மெஷினு மேல கை வெக்கிறியே சார். அதுக்கு ஒரு நாளு லீவு வேணாவா?" என்று துரை அந்த வருஷமும் கேட்டான்.

"அதுக்கு லீவு குடுத்தா எனக்கும் லீவு குடுத்துடுவாங்க துரை."

"அட, நீ இல்லாம இங்க இன்னா சார் ஓடும்?"

சர்வரை நிறுத்தி, திருத்தங்கள் இருந்த டிஸ்கை எடுத்த நேரத்தில் செல்போன் அடித்தது. ஸ்ரீவித்யா. அவள் குரல் மெதுவாக இருந்தது.

"என்னங்க, கையில துடிப்பு இல்ல. காலைல இருந்துச்சு. இப்ப தொட்டுப் பார்த்தா ஒண்ணுமே இல்ல."

டயாலிசிஸுக்காக அவளுடைய இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் விரலுக்குக் கீழே துடித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு நின்றால் உள்ளே அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். சில மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் டயாலிசிஸுக்கு அந்தக் கை இனி உதவாது.

சர்வரை நிறுத்தியபடியே விட்டுவிட்டுப் போக முடியாது. விஜயதசமி காலை நல்ல நேரத்தில் முதலாளி வந்து முதல் மெயிலை அனுப்புவது வழக்கம். திருத்தம் எதையும் போடாமல் சர்வரைத் திரும்ப ஓட விட்டார். துரை அவரை பைக்கில் ரயில் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டான்.

கையிலிருந்த இணைப்பைக் காப்பாற்ற முடியவில்லை. கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் காய்ச்சல் கண்டு ஸ்ரீவித்யா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஜெயகிருஷ்ணன் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே. வாரக் கடைசியில் எல்லா மெயிலையும் வெளி டிஸ்கில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவரும் வேலையும் அந்த ஓட்டத்தில் தவறி, பிறகும் அப்படியே நின்றுபோனது.

அவள் வீடு திரும்பிய பின் முதலாளியிடம் போய் நின்றார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் மெயிலை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எக்ஸ்போர்ட் போயிட்டிருக்கு. எனக்கு ஞாயித்துக்கிழமைதான் வெளிநாட்டு மெயிலே வருது. தீபாவளி லீவுல பண்ணுங்களேன். அவசரமா என்ன?"

அவசரம்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் வைத்திருந்த சர்வரில் ஓர் ஓட்டை இருப்பதாகச் செப்டம்பரிலேயே எச்சரிக்கை வந்திருந்தது. அதைச் சொன்னால், பூஜை அன்று ஏன் போடவில்லை என்ற கேள்வி வரும். அவ்வளவு ஆபத்தானதற்கு ஏன் எட்டு மதிப்பெண் என்ற கேள்வியும் வரும்.

"அவசரம் இல்ல சார்" என்றார் ஜெயகிருஷ்ணன்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, காலையில் எவருக்கும் மெயில் திறக்கவில்லை. சர்வர் திரையில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு நின்றது. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டித் திறவுகோல் வாங்க இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்றது. செப்டம்பரில் எச்சரித்த அந்த ஓட்டை வழியாக நுழைந்தவர்கள், அதே பெட்டியில் இருந்த தினசரி நகலையும் பூட்டியிருந்தார்கள். வீட்டில் இருந்த டிஸ்கில் ஆயுத பூஜைக்கு முந்தைய மெயில்கள் மட்டும் இருந்தன. அதற்குப் பிறகு வந்த ஆர்டர்கள், வரைபடங்கள், அனுப்பும் தேதிகள் எதுவும் இல்லை. ராகவேந்திரா வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, நீங்கள் எங்களுக்கு எழுதியதையே எங்களுக்குத் திரும்ப அனுப்புங்கள் என்று கேட்க வேண்டி வந்தது.

அவர் சத்தம் போடவில்லை. மேசையில் அந்த ஒப்பீட்டுத் தாளை விரித்து வைத்திருந்தார்.

"எட்டு போட்டிருக்கீங்களே ஜெயகிருஷ்ணன்" என்றார். அத்தனை வருஷமும் 'சார்' என்று கூப்பிட்டவர்.

முதலாளி எழுதித் தரச் சொன்ன ராஜினாமாக் கடிதத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பு கிறிஸ்டினாவிடம் வந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பாலிசி மார்ச் வரைக்கும் இருக்கு, அதுவரைக்கும் உங்க பேரை ஸ்டாஃப் லிஸ்ட்ல வெச்சுக்கலாமான்னு கேட்டேன் சார். முடியாதுன்னுட்டாரு. இந்த மாசக் கடைசியோட பேரை எடுத்துடுவாங்க."

"நீங்க கேட்டதே பெருசு மேடம்."

"என் கையெழுத்தும் அதுல இருக்கு. அந்த நாலையும் எட்டையும் அன்னிக்கே திருத்தச் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

மீதி நாட்களில் ஜெயகிருஷ்ணனே எல்லோரையும் கிளவுட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். சிக்கல் எதுவும் வரவில்லை. கடைசி நாளில் சால்வை இல்லை, போட்டோவும் இல்லை. துரை மட்டும் கேட் வரை வந்தான். "எங்க போனாலும் போன் பண்ணு சார்" என்றான்.

தனியாகப் பாலிசி எடுக்கலாமா என்று இன்சூரன்ஸ் கம்பெனியில் கேட்டார். இந்த வியாதியோடு வருபவருக்கு முடியாது என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தார். மெஷின் காலியானால் கூப்பிடுகிறோம், இப்போதைக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார்கள். கையில் வந்த பி.எஃப். பணம் எவ்வளவு நாள் வரும் என்று அவர் ஸ்ரீவித்யாவிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

டிசம்பரில் ஒரு நாள், டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் சிட்லபாக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் நின்ற ரோட்டில் ஆட்டோ மெதுவாகப் போனது. ஸ்ரீவித்யா அவர் தோளில் சாய்ந்திருந்தாள். எப்போதும் அந்த நேரத்தில் தூங்கிவிடுவாள். அன்று தூங்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்த மூணுல நிஜமா எது நல்லா இருந்துச்சு?"

"கிளவுட்தான்."

"அப்படியே எழுதியிருந்தா?"

"ஏப்ரல்லயே அனுப்பியிருப்பாங்க."

"அப்ப ஏழு மாசம் கிடைச்சுது."

அவள் கழுத்துக் குழாயின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரி காற்றில் லேசாகக் கிளம்பியிருந்தது. விரலால் அழுத்தி ஒட்டினார்.

"நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். "அடுத்த வாரத்துலேர்ந்து ரெண்டு தடவை போதும்னு."

"வித்யா, டாக்டர் மூணு சொல்லியிருக்காரு."

"தண்ணிய இன்னும் கொறச்சுக்கறேன். பழமும் வேணாம். ரெண்டுல ஓட்டறவங்க அங்கேயே நாலு பேர் இருக்காங்க, கேட்டேன்."

"நான் பார்த்துக்கறேன். நாளைக்கு நான் போய்ப் பேசிட்டு வரேன்."

"என்ன பேசுவீங்க?"

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, எந்தத் தெரு என்று கேட்டார். ஜெயகிருஷ்ணன் வழி சொன்னார்.