வெறும் வாளிகளின் வரிசை

பிள்ளைகளே, ஜேர்மனியின் பால்டிக் கடற்கரையில் நிற்கிறேன். மீன்பிடிக்கக் காசு கொடுத்து நாங்கள் பலர் ஏறிப்போன தூண்டில் படகு இப்போதுதான் கரை சேர்ந்திருக்கிறது. கடலில் எவ்வளவு மீன் மிச்சம் என்று அறிவதற்காக, பிடித்துவரும் மீன்களை அளக்கும் தமிழ்ப்பெண் ஒருத்தி காத்திருக்கிறாள். எங்களில் மீன் கிடைத்த இருவர் மட்டும் அவளிடம் போகிறார்கள். நான் வெட்கப்பட்டு ஒதுங்கி நடக்கிறேன்.

"அண்ணை, நில்லுங்கோ! வாளியைக் காட்டுங்கோ."

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. தண்ணிதான்."

"அதையும்தான் எழுத வேணும். வெறும் வாளிக்காரர் எல்லாரும் ஒளிச்சுப் போனால், கடல் நிறைய மீன் எண்டெல்லோ கணக்கு வரும்?"

அதையே அவள் ஜேர்மன் மொழியிலும் உரக்கச் சொல்கிறாள். விலகிப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள்.

"இன்றைக்குத்தான் அதிர்ஷ்டமில்லை" என்று வழியெல்லாம் சொல்லிவந்த படகுக்காரர், எங்கள் வரிசையின் நீளத்தைப் பார்க்கிறார். பிறகு குனிந்து படகின் கயிற்றைக் கட்டுகிறார்.