குழிக்குள் இறங்கும் துணி

பந்தல்குடியில் லாரி சீட்டுக்கு உறை தைக்கிறேன். பஞ்சை வரிவரியாகத் திணித்துத் தைக்கும் சேனல் வேலை எனக்கு அத்துப்படி. பட்டனை இழுத்துக் கட்டிக் குழி விழவைக்கும் வேலையை மட்டும் செய்ததே இல்லை. அப்படியொரு சோபாவுக்கு அருப்புக்கோட்டை கல்யாண மண்டபத்திலிருந்து ஆர்டர் வந்தது. வெல்வெட் துணியையும் அவர்களே கொடுத்தார்கள்.

மறுநாள் செல்வராணி வந்து நின்றார். டவுனில் சோபாக் கடை வைத்திருப்பவர். எனக்கு முன்பு அந்த மண்டபத்து வேலையெல்லாம் அவருக்குத்தான் போகும்.

“அக்கா, மேலளவுக்குத் துணிய வெட்டிராதீக. ஒவ்வொரு குழிக்குள்ளயும் துணி எறங்கும். அதுக்கும் சேத்து விடுங்க.”

ஆர்டரை இழந்தவர் பஸ் ஏறி வந்து எதற்கு யோசனை சொல்ல வேண்டும்? துணியை வீணாக்கி என் பேரைக் கெடுக்கத்தான் என்று நினைத்தேன்.

“நான் பாத்துக்கிறேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

அவர் சொன்னது பொய் என்று எனக்கே நிரூபிக்க, பழைய போர்வை ஒன்றை மேலளவுக்கு வெட்டிப் பட்டன் கட்டிப் பார்த்தேன். பாதிக் குழி விழுவதற்குள் போர்வை ஓரத்தை விட்டு உள்ளே ஏறிவிட்டது. வெல்வெட்டையும் இப்படித்தான் வெட்டியிருப்பேன்.

செல்வராணிக்குப் போன் செய்தேன். அப்போதும் சந்தேகம் போகவில்லை. “இத எதுக்கு எங்கிட்ட வந்து சொன்னீக?”

“போன தடவ அவுக துணிய நான் அப்படித்தான் வெட்டிக் கெடுத்தேன்க்கா. அதான் வேல உங்களுக்கு வந்துச்சு. எனக்குச் சொல்ல ஆளில்ல.”

சோபா நன்றாகவே அமைந்தது. இன்றும் யாராவது வலிய வந்து நல்லது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. ஆனால் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சந்தேகப்படுகிறேன்.