ஜன்னலில் இருந்த டம்ளர்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் மிஸ் ஒரு காலி பிஸ்கட் டப்பாவை மேஜைமேல் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் அவரவர் செய்த ஒரு தப்பைச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. தண்டனை கிடையாது. மிஸ் படிப்பார், அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று வகுப்பு சொல்லும்.

எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. தப்பு, சரிசெய்யும் வழி, முடிந்ததா இல்லையா என்று மூன்று கட்டம் போட்டு ஒரு நோட்டே வைத்திருந்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மற்றவர்கள் நோட்டுத்தாளைக் கிழித்து எழுதினார்கள். நான் மட்டும் எங்கள் பட்டுத்தறியில் பார்டர் டிசைனுக்காக ஓட்டை குத்தி, பிறகு கழித்துப்போட்ட அட்டையில் எழுதுவேன். பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் சில துண்டுகள் வெட்டிக் கொடுத்திருந்தேன். வேறு யாருக்கும் தரவில்லை. பெயரில்லாத சீட்டை இப்படி நானே கெடுத்துவிட்டது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவள் தேவிகாபுரம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருபவள். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வயல் வேலைக்குப் போகிறவர்கள். சாயங்காலம் பஸ் வரும்வரை எங்கள் வீட்டில் என்னோடு வீட்டுப்பாடம் எழுதுவாள். அம்மா அவளுக்கென்று ஒரு டம்ளரைச் சமையலறை ஜன்னலில் தனியாக வைத்திருந்தார். வேறு எந்த விருந்தாளிக்கும் கிடைக்காத மரியாதை என்று நினைத்து அவளிடமே பெருமையடித்தேன்.

"எங்க வீட்ல உனுக்குன்னே தனி டம்ளர் கீது, தெரியுமா? வேற யாரும் அத்தத் தொடவே மாட்டோம்."

அன்றிலிருந்து அவளுக்குத் தாகமே எடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மிஸ் டப்பாவிலிருந்து ஓட்டை போட்ட அட்டை ஒன்றை எடுத்தார். என்னுடையதை ஏற்கெனவே படித்து முடித்திருந்தார்.

"நான் தினமும் என் ஃப்ரெண்ட் வீட்டில் பொய் சொல்கிறேன். தாகமாக இருந்தாலும் தண்ணீர் வேண்டாம் என்கிறேன்."

வகுப்பு சிரித்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமுமா? என்னிடமா? எப்படிச் சரிசெய்யலாம் என்று மிஸ் கேட்டதும் முதலில் எழுந்தவள் நான்தான். அந்த வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். மிஸ் பாராட்டினார். ஏன் அந்தப் பொய் என்று யாரும் கேட்கவில்லை. அவள் நிமிரவே இல்லை. மீதியிருந்த அட்டைத் துண்டின் ஓட்டையில் பென்சிலை விட்டுத் திருகிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"இன்னா கண்ணு, பசிக்குதா?" என்றார் அம்மா.

"இல்ல ஆன்ட்டி. தெனமும் தண்ணி வோணாம்னு பொய் சொல்லிக்கினு இருந்தேன். மன்னிச்சிருங்க."

அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது. தண்ணீர் கொடும்மா என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். அம்மாவின் கை ஜன்னலை நோக்கிப் போனது, பாதியில் நின்றது, மறுபடியும் போனது.

அவள் ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரைத் தானே குழாயடியில் கழுவினாள். ஜன்னலில், அது இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் கூப்பிட்டும் அம்மா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

இப்போது மென்பொருளில் பிழைகளைக் கண்டுபிடித்துப் பதிவு செய்வது என் வேலை. ஒவ்வொரு பிழைக்கும் எதிரே, அதைத் திருத்த வேண்டியவர் யார் என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே வந்ததும் இன்றுவரை என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஐந்தாம் வகுப்பு நோட்டில் அப்படி ஒரு கட்டமே நான் போடவில்லை. அன்று அவள் போனதும் மூன்றாவது கட்டத்தில் 'முடிந்தது' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

எல்லாம்தான் சரியாகிவிட்டதே, பிறகு ஏன் திங்கட்கிழமையிலிருந்து அவள் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்பதுதான் அப்போது எனக்கு விளங்கவில்லை.